கன்டினியூட்டி

பள்ளத்தூரில் அந்தப் பெரிய வீட்டுக்கு
சாவி என்னிடம்தான். பதினேழு சாவி.
இடுப்பில் ஒரு பக்கமாய் இழுக்கும்.
ஷூட்டிங்குக்கு விடுகிற நாளில் மட்டும்
பட்டாலையில் சிவப்புக் கம்பளம் விரியும்.
சுருட்ட நாலு ஆள் வேண்டும்.
ரங்கூனா பாரசீகமா என்று
பங்காளிகளுக்குள் இன்னும் பேச்சு முடியவில்லை.

நாய் சென்னையிலிருந்து வந்தது, ஏசி வண்டியில்.
பேர் ஜூலியஸ். கூட்டிவந்தவன் பெனடிக்ட்.
ரெண்டு பேருக்கும் பேட்டா உண்டு.
கதாநாயகி அழும்போது
தலையைத் தூக்கி அவளைப் பார்க்கவேண்டும்.
அவ்வளவுதான் வேலை.

ஏழாவது டேக்கில் பார்த்தது.
பார்த்துக்கொண்டே போய்விட்டது.

லைட்டெல்லாம் அணைந்த பிறகு
ஈரம் உள்ளங்கை அகலம் இருந்தது,
நான் சீலையைத் தூக்கிச் செருகுவதற்குள்
தாம்பாள அகலம்.
கோயம்புத்தூரிலிருந்து வீட்டுக்காரர் போன்:
"பஞ்சவர்ணம், விடியறதுக்குள்ள போயிருக்கணும்."

தேய்க்கக் கூடாது.
தேய்த்தால் உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும்,
கோபம் மாதிரி.
ஒற்றத்தான் வேண்டும்.
பழைய வேட்டியை நாலாய் மடித்துப் போட்டு
மேலே ஏறி நின்றேன்.
என் எடை இவ்வளவு உபயோகப்பட்டது
அன்றைக்குத்தான்.
ஒரு மடிப்பு நனைந்தால் அடுத்த மடிப்பு.
பிறகு பச்சைத்தண்ணி. சுடுதண்ணி ஆகாது.
பிறகு யூனிட் சமையல்காரர்
கோபி மஞ்சூரியனுக்கு வைத்திருந்த வினிகர்,
ஒன்றுக்கு ரெண்டு தண்ணீர்,
முதலில் யாரும் பார்க்காத மூலையில் ஒரு சொட்டு.
சாயம் அழவில்லை. தைரியம் வந்தது.
ஆப்பச்சோடாவைத் திருநீறு மாதிரி தூவி
ஃபேனைத் திருப்பிவைத்துக் காவல் இருந்தேன்.

ரெண்டு மணிக்கு பெனடிக்ட் எழுந்து வந்தான்.
"வாடை துளி இருந்தாலும் போதும்க்கா,
மறுபடி அதே எடத்துக்குத்தான் போகும்."
முட்டிபோட்டு மோந்து பார்த்தேன்.
இருந்தது.
திரும்பவும் ஒற்றி, திரும்பவும் தூவி, திரும்பவும் மோந்து,
நாலரைக்கு கம்பளி வாசம் மட்டும்.
நனைந்த ஆடு மாதிரி.

காலையில் உதவி டைரக்டர் பையன்
போனையும் தரையையும் மாறிமாறிப் பார்த்தான்.
"அக்கா, கறை எங்க?"
"போயிருச்சு தம்பி."
"போயிருச்சா!"
நான் சிரித்தேன், பாராட்டு என்று.

டைரக்டருக்கு அந்த டேக்தான் பிடித்ததாம்,
நாய் போனதும் அவள் அழுததும்
ஒன்றாய் அமைந்துவிட்டதாம்.
மிச்சக் காட்சி இன்றைக்கு.
நேற்று இருந்த கறை இன்று இல்லையென்றால்
ஜனம் கேட்குமாம்.
அதற்கு ஒரு பேர் சொன்னான்: கன்டினியூட்டி.

ஜூலியஸைக் கொண்டுவந்தார்கள்.
ஒரு சட்டி தண்ணீர் குடித்தது.
"இங்க, இங்க" என்று தட்டினான் பெனடிக்ட்.
அது வந்து நிதானமாய் மோந்தது,
என் ராத்திரி முழுவதையும் மோந்தது.
ஒன்றும் கிடைக்கவில்லை.
மரியாதையாய் முகப்பைத் தாண்டிப் போய்
ஜெனரேட்டர் வண்டிச் சக்கரத்தில்
காலைத் தூக்கியது.

கதாநாயகிக்கு மதுரையில் விமானம்.
டீக்கடையில் டிகாஷன் வாங்கி
மஞ்சள் கலந்து
போனைப் பார்த்துப் பார்த்து ஊற்றினார்கள்.
அதே தாம்பாளம், இடப்பக்கம் அதே மூக்கு.
அழகாகத்தான் ஊற்றினார்கள்.

அது போகவில்லை.
வேட்டி, வினிகர், சோடா, எட்டு நாள்.
வெளுத்தது, போகவில்லை.

படத்தைத் தை மாதம் டிவியில் போட்டார்கள்.
முழுக்க முகம். அவள் கண், அவள் மூக்குத்தி,
பின்னால் சரவிளக்கு.
கம்பளம் எங்கேயும் இல்லை.
ஓரத்தில் ஒரு வால் தெரிந்தது,
ஒரே ஒரு ஆட்டு ஆட்டிவிட்டுப் போனது.

வீட்டுக்காரர் பங்குனியில் வந்தார்.
நேரே அந்த இடத்தில் போய் நின்றார்.
"என்னது இது?"

பதினேழு சாவியையும் ஒரு கையில் பிடித்துக்கொண்டு
"நாய்" என்றேன்.