குடும்பப்பெயர் என்ற கட்டம்

இம்தியாஸ் சொன்னான்:
"அக்கா, இந்தக் கட்டத்தைக் காலியா விட்டா
அடுத்த பக்கம் திறக்காது."
பாஸ்போர்ட்டில் அந்த இடம் வெறுமையாகத்தான் இருக்கிறது.
அப்பாவுக்கும் ஒரே பேர்தான், அவர் அப்பாவுக்கும்.
கடைசியில் என் பெயரையே இரண்டு தடவை அடித்தான்.
முனிரத்தினம்மா முனிரத்தினம்மா.
பாகலூர் பஸ் நிறுத்தத்தில் யாரோ கூப்பிடுவது போலிருந்தது,
முதல் தடவை காதில் விழாதவளை.

பிறகு விசா வகை.
ஒருமுறை நுழைவு, ஐம்பது டாலர்.
மாதக்கணக்கில் வந்துபோக இன்னொன்று, விலை கூட.
"உகாண்டா, கென்யா, ருவாண்டா, மூணுக்கும் ஒரே விசா
நூறு டாலர்" என்று
புடவைக் கடைக்காரனைப் போல விரித்துக் காட்டினான்.
எனக்கு எதற்கு மூன்று நாடு?
ஏரிக்கரையில் ஒரு பிளாஸ்டிக் கூடாரம்,
வரிசை வரிசையாய் ரோஜா,
நடுவில் என் வீட்டுக்காரர் நஞ்சுண்டன்.
பார்க்க வேண்டியது அவ்வளவுதான்.

சுற்றுலா என்று போய்
அங்கே ஒரு பூ நறுக்கினாலும் தப்பு என்றான்.
பதினாறு வருடமாய்த் தினமும்
மூவாயிரம் தண்டு பிரித்த கையைச்
சும்மா வைத்திருப்பேன் என்று
டிக் போட்டேன்.

எத்தனை நாள்?
தொண்ணூறு வரை கேட்கலாம்.
முத்திரை குத்துகிறவர் எழுதுவதுதான் கணக்கு.
போன் போட்டேன். அந்தப் பக்கம் மோட்டார் ஓடியது.
"முப்பது போதும்" என்றார்.
போய் மூன்று வருடம்.
நாற்பதா அறுபதா என்று
ஸ்கேல் இல்லாமல்
தண்டை எடுத்ததும் சொல்கிறவள் நான்.
அந்தப் 'போதும்' எத்தனை சென்டிமீட்டர் என்று
பிடிபடவில்லை.

ஊசி பெங்களூரில்.
மஞ்சள் காய்ச்சலுக்கு, பத்து நாள் முன்னதாகவே.
வரிசையில் முன்னால் நின்ற போர்வெல் வண்டிப் பையன்
ஏற்கெனவே இரண்டு தடவை போனவனாம்.
"போறப்ப அவங்க கேப்பாங்க,
வர்றப்ப நம்மாளுங்க கேப்பாங்க.
அட்டை இல்லன்னா ஆறு நாள் பூட்டி வச்சுடுவாங்கக்கா."
வாசல் வரை வந்தவளையா என்று கேட்டேன்.
ஆமாம் என்று சிரித்தான்.

எங்கள் பூவுக்கும் சான்றிதழ் உண்டு:
பூச்சி இல்லை, முட்டை இல்லை, மண் இல்லை.
ஒரே ராத்திரியில் சிங்கப்பூர் போய்விடும்.
அதனிடம் யாரும்
திரும்பும் டிக்கெட் கேட்டதில்லை.

பாதுகாப்புக் குறிப்பையும் இம்தியாஸ் வாசித்தான்.
இருட்டிய பின் தனியாக நடக்காதீர்கள்.
நகை வெளியே தெரிய வேண்டாம்.
ஹெல்மெட் இல்லாமல் பைக் டாக்ஸியில் ஏறாதீர்கள்.
காட்டு விலங்கிடம் நெருங்காதீர்கள்.
தம்பி, இதையே
இரண்டாம் ஷிப்ட் முடிந்து
சிப்காட் ரோட்டில் பஸ்ஸுக்கு நிற்கிறவளிடம் வாசி என்றேன்.
போன தையில் சானமாவு காட்டிலிருந்து வந்த யானைகள்
சவுடம்மாவின் ராகிப் போரைப் பிரித்துப் போட்டன.
யாரும் வெளியே வராதீர்கள் என்று
மைக்கில் சொல்லிக்கொண்டு ஜீப் போனது.
அன்றைக்கும் பேக்கிங் ஹாலில் ஒரு ஆள் குறையவில்லை.
காதலர் தினத்துக்குப் பெட்டி கட்ட வேண்டாமா?

ஆனாலும் பயம் பயம்தான்.
செயினைக் கழற்றி நாத்தனாரிடம் கொடுத்தேன்.
பாஸ்போர்ட்டை மூன்று நகல் எடுத்தேன்.
தூதரகத்தின் எண்ணை
போனில் வேண்டாம் என்று
பழைய பூ லேபிளின் பின்னால் எழுதிக்கொண்டேன்.
அந்தப் பக்கம் 'தாஜ்மகால், 60' என்றிருக்கிறது.

"திரும்புற தேதி, அக்கா?"
கர்சர் துடித்துக்கொண்டிருந்தது.
நாற்பத்தைந்து நாள் போடு என்றேன்.
ஹாலில் அப்படி ஒரு அளவு கிடையாது.
நாற்பத்தைந்து தண்டை நாற்பதோடுதான் கட்டுவோம்.
தெரியும்.
போடு.

வட்டம் சுற்றிச் சுற்றி நின்றது.
நன்றி, முனிரத்தினம்மா முனிரத்தினம்மா
என்று வந்தது திரையில்.
ஒருத்தி எழுந்துவிட்டாள்.
இன்னொருத்தி
இம்தியாஸுக்கு நூற்றைம்பது ரூபாயைச்
சில்லறையாய் எண்ணிக்கொண்டிருந்தாள்.