மூவாயிரமாவது மேஜை

மணி மூன்று பத்து.
தொண்ணூறடி ரோட்டில் மழை
தகரம் தகரமாக எண்ணிக்கொண்டு போகிறது.
மேல்தட்டில் நான், மடியில் லேப்டாப்.
கீழே ஏணிக்கடியில் சுயம்பு,
மாட்டுங்காவில் பதினோரு வருஷமாக சர்வர்.
குறட்டையை நடுவில் நிறுத்தி
"இன்னும் எழும்பலியா உன் சர்வர்?" என்கிறான்.

கறுப்புத் திரை. பட்டன் கிடையாது, படம் கிடையாது.
ஒரு கோடு மட்டும் கண்சிமிட்டி
சொல்லு என்கிறது.
சொல்கிறேன்.
ஐரோலியில் எந்தக் கட்டிடத்திலோ
மாசம் நானூறு ரூபாய்க்கு எனக்கென்று ஓர் இடம்.
இந்த அறைக்குக் கொடுப்பதில் இருபதில் ஒரு பங்கு.
அங்கே ஏசி உண்டு, கரண்ட் போகாது.
நான் போய்ப் பார்த்ததில்லை.

முதலில் மணியைத் திருத்தினேன்.
அதன் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பிந்தி ஓடியது.
விடியக்காலை ஐந்துக்கு மாவு கேட்டவளை
முந்தின நாள் கணக்கில் எழுதிவைத்து
அது நேற்றைக்கு என்று சாதித்தது.
ஊர்ப் பட்டியலில் மும்பை இல்லை.
கொல்கத்தா என்று போட்டேன்.
மும்பையே இல்லாத இடத்தில்
தாராவியை எங்கே தேட.

அப்புறம் அமைப்புக் கோப்பு.
இருபத்தாறு வரி. பதினேழாவதின் தொடக்கத்தில்
ஓர் இடைவெளி கூடுதல்.
ஒன்றுமில்லாத ஒன்றுக்காக
முக்கால் மணி நேரம் போயிற்று.
பாஸ்வேர்டைத் தனிக் கோப்பில் வைத்து
என்னைத் தவிர யாரும் வாசிக்காதபடி
அறுநூறு என்று பூட்டினேன்.

கிளப்பினேன்.
விழுந்தது.
மூவாயிரத்தில் ஏற்கெனவே ஆள் இருக்கிறதாம்.

யார் என்று கேட்டேன்.
நான்தான்.
செவ்வாய்க்கிழமை ராத்திரி கிளப்பிவிட்டு
நிறுத்த மறந்துபோன நான்.
மூன்று நாளாய் யாருக்கும் எதுவும் பரிமாறாமல்
இடத்தை மட்டும் பிடித்துக்கொண்டு.

"மேஜையில ஆளு இருக்கு" என்றேன் கீழே குனிந்து.
சுயம்பு எழுந்து உட்கார்ந்தான்.
"தின்னு முடிச்சவனா?"
"முடிச்சவ."
"பில்ல வை. மரியாதையா. மிச்சக் காபியக் குடிக்க விடு.
கொஞ்சம் பொறு. அப்பவும் எழும்பலன்னா
ஈரத்துணியப் போட்டு
மேஜையத் துடைக்க ஆரம்பி."

பில்லை வைத்தேன். கில், பதினைந்து.
பத்து எண்ணினேன். இருபது.
செவ்வாய்க்கிழமைக்காரி அசையவில்லை.
ஈரத்துணி.
கில், ஒன்பது.

ஒரு சத்தமும் இல்லை.
கொன்றாலும் இங்கே அந்தக் கோடு
மறுபடி கண்சிமிட்டும், அவ்வளவுதான்.

மறுபடி கிளப்பினேன். நின்றது.
ஆனால் சுயம்புவின் போனில் வெள்ளையாய்ச் சுற்றுகிறது.
லோக்கல்ஹோஸ்ட் என்று விட்டிருந்தேன்:
தன் கதவைத் தானே தட்டி
தானே திறந்து
வாங்க என்று தன்னையே கூப்பிடும் வீடு.
அதை அழித்து நாலு சைபர் போட்டேன்.
இனி யாரும் வரலாம்.

வந்தான்.
அரை நிமிஷம்கூட ஆகவில்லை, எந்த நாட்டுக்காரனோ,
அட்மின் அறை எங்கே என்றான்.
நானூற்று நாலு என்றது என் சர்வர்,
வடை தீர்ந்துபோச்சு சார் என்னும்போது
சுயம்பு வைத்துக்கொள்ளும் அதே முகத்தோடு.

மூன்று ஐம்பத்திரண்டு.
அன்னமரியாள், குறுக்குச் சந்து,
இட்லி மாவு ஆறு கிலோ, சைக்கிள் நாலரைக்கு வரணும்.
இருநூறு.
லெச்சுமணக்குட்டி, சாம்பார் வாளி இரண்டு,
போன தடவை உப்பு என்று
குறிப்புப் பெட்டியில் ஒரு சண்டை.
அதுவும் இருநூறு.

சுயம்பு கஞ்சி போட்ட சட்டையைப்
பிளாஸ்டிக் பையில் சுருட்டிக்கொண்டு
பனியனோடு மழையில் இறங்கினான்.
சந்து முனையில் நின்று கத்துகிறான்:
"கேக்குதா?"

மூவாயிரத்தில் அது
யார் குரலுக்கோ காதைத் தீட்டிக்கொண்டிருந்தது.
தகரம் முழுக்க மழை.
"கேக்குது" என்றேன்.