நக்கீல், ஃபிளாட் 203

ராத்தா வீட்டு பார்க்கிங்கில்
வாடகைக் கேரவன் நுழையவில்லை.
இரண்டு தெரு சுற்றி
வெறும் மண்திடலில் நிறுத்தினேன்.
"எங்க நிக்கிறேன்னு தெரியுதா?"
செருப்போடு ஏறி வந்து கேட்டாள்.

எதிரே அதே பக்காலா.
கடன் நோட்டில் நம் பெயரெழுதாமல்
203 என்றே எழுதிய
மலபாரியின் இடத்தில் மருமகன்.

அப்படியென்றால் இது லிஃப்ட்.
ஷிஃப்ட் முடிந்த வாப்பா
சிமெண்ட் தூசியைக் கழுவும் இடத்தில்
கேஸ் அடுப்பு,
சுலைமானி கொதிக்கிறது.

மேல் பெர்த்தில் பிள்ளைகள் தூங்கியாச்சு.
ராத்தா அண்ணாந்து கணக்குப் போட்டாள்:
இன்னும் இருபதடி ஏறினால்
நம்ம கட்டில்.

சிரிப்பு அடங்கவில்லை.
ஸ்பூன் கீழே விழுந்தது.
பத்து மணிக்கு மேல் சத்தம் கேட்டால்
கீழ்வீட்டு மிஸ்ரி
கம்பால் இடிப்பான்.

இருவரும்
தரையையே பார்த்துக்கொண்டிருந்தோம்.