நம்பு

என் பெயர் நம்பு.
தனுஷ்கோடிப் பாதையில் மணலுக்குள் குடியிருக்கும் அம்மனின் பெயர்.
இந்தத் தீவில் தெருவுக்கு நாலு பேர் உண்டு.
வெளியூர்க்காரர்கள்தான் சிரிப்பார்கள்:
"பெயரா சார், கட்டளையா?"

பாம்பன் துறைமுக அலுவலகத்தில் வேலை.
புயல் வந்தால் கூண்டு ஏற்றுவேன்.
போனால் இறக்குவேன்.

கூண்டுக்குள் ஒன்றும் கிடையாது.
எனக்குத் தெரியும், வருஷா வருஷம்
கறுப்புப் பெயிண்ட் அடிப்பவன் நான்தான்.
கம்பி வளையம், நடுவில் காற்று.
ஒரு தடவை மைனா குச்சி சேர்த்து வைத்திருந்தது.
ஆனால் அந்த ஒன்றுமில்லாததை
கயிறு கட்டிக் கம்பத்தில் ஏற்றிவிட்டால்
வடகடலில் நானூறு படகு நங்கூரம் பாய்ச்சும்.
ஐஸ் கம்பெனிக்காரர் பல்லைக் கடிப்பார்.
குந்துகால் வரைக்கும் பெண்கள்
கொடியில் கிடக்கும் துணியை உள்ளே எடுப்பார்கள்.

செலஸ்டின் அண்ணன் எனக்கு மூத்த ஊழியர்.
கயிற்றின் மறுமுனையில் நின்றுகொண்டு,
எப்போதும் பளு ஏறுகிற நேரம் பார்த்துத்தான் கேட்பார்:
"சாமி இருக்கா இல்லையாடா நம்பு?"

இருக்கு என்று சொல்ல வாய் வராது.
இல்லை என்று சொல்லப் போனால்
யாரோ தூங்கும் அறையில்
விளக்கைப் போடுவது மாதிரி இருக்கும்.
"கயிற்றை விட்ராதீங்கண்ணே" என்பேன்.

போன கார்த்திகையில் மூன்றாம் எண்.
மூன்று நாள் கழித்து இரவு
சென்னையிலிருந்து செய்தி: கரையைக் கடந்துவிட்டது, இறக்கலாம்.
இரண்டு படகு இன்னும் வந்து சேரவில்லை.
பிரிட்டோவின் வல்லம் ஒன்று.
சகுபர் கொண்டுபோனது ஒன்று.

பிரிட்டோவின் மனைவி மெர்லின் வந்தாள்.
அழவில்லை. தலையில் பாலிதீன் பை.
"கூண்டை இறக்கிக்கங்க. லைட்ட மட்டும் விட்ருங்க."
அது எச்சரிக்கை விளக்கும்மா,
வழிகாட்டுகிற விளக்கு இல்லை,
அதற்குக் கலங்கரை விளக்கம் அந்தப் பக்கம் எரிகிறதே என்றேன்.
"தெரியும். அது எல்லாத்துக்கும் எரியிறது."

கூண்டை இறக்கினேன்.
விளக்கை அணைக்கவில்லை.
விதிப்படி அது பொய்:
இல்லாத புயலுக்கு எரிகிற விளக்கு.

மூன்று மணி இருக்கும்.
பாலத்தில் ரயில் இல்லை. கம்பத்தில் கயிறு மட்டும்
டக் டக்கென்று அடித்துக்கொண்டிருந்தது.
என் வாயிலிருந்து ஒரு சொல் விழுந்தது:
"வந்துருப்பா."

யாரைச் சொன்னேன்?
பிரிட்டோவையா, சகுபரையா? இரண்டு பேரும் என்னைவிட இளையவர்கள்,
அப்படிக் கூப்பிடலாம்தான்.
ஆனால் நான் கடலைப் பார்த்துச் சொல்லவில்லை.
அண்ணாந்துதான் சொன்னேன்.
அந்த "ப்பா"வைத் திரும்பத் திரும்பப் புரட்டிப் பார்த்தேன்.
அதற்குள்ளும் கூண்டு மாதிரிதான்,
கம்பி, காற்று,
எங்கிருந்தோ வந்த நாலு குச்சி.

விடியக்காலை தென்கடல் பக்கம்
பிரிட்டோ கரையேறினான்.
"விளக்கைப் பாத்துத்தான் வந்தாரு" என்றாள் மெர்லின் எல்லோரிடமும்.
அவன் என்னிடம் தனியாகச் சொன்னான்:
"மழையில என் கையவே நான் பாக்கலண்ணே. காத்து தள்ளுச்சு, வந்தேன்."
அவள் கொண்டுவந்த நகரை மீனை
வேண்டாமென்று சொல்ல எனக்கு என்ன உரிமை?

சகுபர் வரவில்லை.

பன்னிரண்டாம் நாள் அவன் தம்பி
அலுவலகத்துக்கு வந்தான், ஏதோ சான்றிதழுக்கு.
கையெழுத்து வாங்கினான். ஒன்றும் கேட்கவில்லை.
போகும்போது கம்பத்தை ஒருமுறை
அடியிலிருந்து நுனிவரை பார்த்தான்.
இருவருக்கும் ஒரே விளக்குத்தான் எரிந்தது.
இதை வைத்துக்கொண்டு யாரிடம் போய்
எந்தக் கட்சி பேசுவது?

பதிவேட்டில் எழுதினேன்.
கூண்டு இறக்கியது இரவு 9.40.
விளக்கு அணைத்தது காலை 6.05.
கடைசியில் "குறிப்பு" என்று ஒரு கட்டம்.
எழுத ஏதுமில்லை என்றால் கோடு போட்டு அடைக்க வேண்டும்,
தணிக்கையில் கேட்பார்கள்.
பேனாவை வைத்தேன். எடுத்தேன்.

செலஸ்டின் அண்ணன் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.
"என்னடா, இது காலியா இருக்கு?"

"இருக்கட்டும்ணே."