கைமாற்று

காவேரிப்பட்டணம் பஸ் நிலையத்துக்குப் பின்னால்
மோட்டார் காயில் கட்டும் கடைக்கு மேலே
பத்துக்குப் பதினாலு அறை.
'இடம் வேணும்' என்றுதான் முனிரத்தினத்திடம் கேட்டேன்.
அந்தச் சொல்லுக்குள்ளேயே என் பக்கம்
ஒளிந்திருந்ததை அவர் கவனிக்கவில்லை.
அட்வான்சை மட்டும்
சோத்துக்கையில் குடும்மா என்றார்.
கொடுத்தேன்.
அதில் பாதி தஸ்லிமாவிடம் வாங்கிய கைமாற்று.
அவளும் நொட்டாங்கைக்காரிதான்,
இந்த மேசையில் பாதி அவளுக்கு.

முதலில் வெளிச்சம்.
ஜன்னலுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று
தச்சர் மாதேஷ் மூன்று தரம் கேட்டார்.
வெயில் வலப்பக்கமிருந்து விழணும் அண்ணா,
இல்லாவிட்டால் என் கையின் நிழலிலேயே
நான் போட்ட சாக்பீஸ் கோடு காணாமல் போகும்.
'இருபது வருசமா மேசை போடறேன்,
நெழலுக்கு அளவெடுத்தது இல்ல.'
சொல்லிக்கொண்டே
காதிலிருந்த பென்சிலை எடுத்துத்
தரையில் ஒரு கோடு கிழித்தார்.

அவர் போன பிறகு ஒயர்மேன் வந்தான்.
கதவைத் திறந்ததும் இடக்கைக்கு எட்டும்படி சுவிட்சு.
இஸ்திரிப் பெட்டியின் ஒயர்
கூரைக் கொக்கியிலிருந்து இடத்தோள் பக்கம் இறங்கும்.
துணி நகராமலிருக்க
கிரானைட் கம்பெனி வாசலில் கழித்துப்போட்ட
கறுப்புத் துண்டுகள் நாலு.
டேப்புதான் தலைகீழாகவே நின்றது.
நான் பிடித்தால் எட்டு எட்டாகவே இருக்கும்,
ஆறு ஒன்பதாகி
யாருடைய இடுப்பையோ பெருக்கிவிடும்.
'திருப்பிப் பிடிடி, பின்பக்கம் அந்த முனையிலேர்ந்துதான்
ஒண்ணு, ரெண்டு' என்றாள் தஸ்லிமா.
பதினெட்டு வருஷம் கழுத்தில் மாலையாய்க் கிடந்தது,
ஒரு நாள் திருப்பிப் பார்க்கவில்லை நான்.

தையல் மெஷினின் சக்கரம் வலப்பக்கம்தான்.
அதற்கு யாரும் ஒன்றும் செய்ய முடியாது.
இருந்துவிட்டுப் போகட்டும்,
எல்லா வீட்டிலும் ஒருத்தர் அப்படி.

கத்தரி பெங்களூரில் வாங்கியது.
தஸ்லிமாவின் தம்பி ஓசூர் பஸ்ஸில் கொண்டுவந்தான்,
கன்னடப் பேப்பரில் சுற்றி.
கண்ணாடிக்குள் பார்த்ததுபோல் ஒரு கத்தரி:
மேல் அலகு இடப்புறம்,
வெட்டும் கோடு மறைவில்லாமல் கண்ணுக்கு நேரே.
கழிவுத் துணியில் பார்க்கலாம் என்று கூடத் தோன்றவில்லை.
சம்பூரணம் டீச்சரின் மயில்கழுத்து ஜாக்கெட் துணியிலேயே
நேராக வைத்தேன்.

வெட்டவில்லை.
மென்றது.
இரண்டு அலகுக்கும் நடுவே
துணி மடிந்து படுத்துக்கொண்டது.

மட்டமான சரக்கு என்று தம்பியைத் திட்டினேன்.
ராத்திரி வெறுங்கையை
விரித்து மூடி, விரித்து மூடிப் பார்த்தபோதுதான்
புரிந்தது.
ஊர்க் கத்தரிகள் எனக்கு வெட்டாது.
வெட்டவைக்க, கட்டைவிரலை
உள்ளங்கைப் பக்கம் இழுத்து இழுத்து
அலகுகளை நெருக்கியிருக்கிறேன்,
காய்ப்பு இன்னும் இருக்கிறது.
இந்தக் கத்தரியை அதே இழுப்பு
பிளந்து விடுகிறது.
ஒழித்துவிட்டேன் என்று நினைத்த வலக்கை
என் இடக்கைக்குள்ளேயே குடியிருந்தது,
வாடகையில்லாமல்.

டீச்சருக்குப் புதுத் துணி எடுத்துக் கொடுத்தேன்.
பிறகு எட்டு நாள்
பழைய வேட்டி, ரேஷன் பை, கேலண்டர் தாள்.
மாங்கூழ் வாசம் தெருவிலிருந்து ஏறி
ஈயோடு அறைக்குள் வரும்.
விரலை இறுக்காதே, சும்மா விடு என்று
எனக்கு நானே.
சும்மா விடுவதைப்போல் கடினம் ஒன்றில்லை.
ஒன்பதாம் நாள் சாயங்காலம்
கரக்கென்று ஒரு சத்தம்,
கோட்டின் மேலேயே ஒரு முழம் போனது.

அன்றைக்கென்று கரண்ட் போய் வந்தது.
விளக்கு எரியாத அறைக்குள்
மீதிப் பணம் வாங்க மாதேஷ் ஏறி வந்தார்.
பழக்கத்தில் வலப்புறச் சுவரைத் தடவினார்.
மேலே தடவினார், கீழே தடவினார்.
'சுவிட்சே வைக்கலயா இந்த ரூமுக்கு?'

சொல்லியிருக்கலாம்.
கத்தரியை மேசைமேல் வைத்துவிட்டுச்
சற்று நேரம் கேட்டுக்கொண்டிருந்தேன்,
சுண்ணாம்புச் சுவரில்
உப்புத்தாள் தேய்ப்பதுபோல்
அவருடைய உள்ளங்கையை.