அப்படியொரு கோப்பு இல்லை

ஓஹாயோ ஆற்றோரம், மாவட்ட நீதிமன்றத்தின் அடித்தளம்.
வெள்ளம் வந்த வருடத்தின் ஈரம்
இன்னும் சுவரில் முழங்காலளவு நிற்கிறது.
இங்கே என் வேலை மறைப்பது.
மறைப்பதற்கு முன்
ஒரு வரி விடாமல் படிப்பது.

வேறெப்படி?
எந்தப் பக்கத்தில் பெயர் இருக்கிறதென்று தெரியாமல்
எதை எடுத்து உறைக்குள் வைப்பேன்?

தலையெழுத்தை அழித்தெழுத முடியாது என்கிறவர்கள்
என் மேசைக்கு வந்ததில்லை.
அதற்குப் படிவம் இருக்கிறது.
இரண்டு நகல், கறுப்பு மை,
ஐம்பது டாலர், காசோலை ஏற்பதில்லை.

காசோலை ஏற்பதில்லை என்றதும்
டெல்ஃபின் ரக்கர் சிரித்துவிட்டாள்.
அவள் வழக்கே அதுதான்.
பத்தொன்பது வயதில்
கணக்கில் பதினோரு டாலரை வைத்துக்கொண்டு
நூற்று நாற்பதுக்கு எழுதிய காசோலை:
குழந்தைக்குக் கார் இருக்கை, இரண்டு டின் பால்பவுடர்,
ஒரு நகப்பூச்சு.
அரசு வக்கீல் அந்த நகப்பூச்சை மட்டும்
மூன்று முறை சொல்லியிருக்கிறார்.
தட்டச்சில் இருக்கிறது.
இருந்தது.

இருபத்திரண்டு வருடம்
அந்த நகப்பூச்சு அவளுக்கு முன்னால் போய்
நேர்காணல் அறைகளில் உட்கார்ந்திருந்தது.

நீதிபதி கையெழுத்திட்டார், நாலு நிமிடம்.
நான் உறையை ஒட்டினேன்.
திரையில் அவள் பெயரைத் தட்டினால் இப்போது
வெறும் கட்டம், அதில் துடிக்கும் ஒரு கோடு.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் வேறு மாநிலம், வேறு சட்டம்.
அங்கே அடைத்து வைப்பதில்லை,
அரைத்துவிடுவார்கள் என்கிறான்
பாலம் தாண்டி வேலைக்கு வரும் காவலாளி ப்ரூயிட்.
எது மேல் என்று
மதிய சாண்ட்விச்சோடு வாதிடுவோம்.
இரண்டுக்கும் எட்டாத ஏதோ ஒரு கம்பெனியிடம்
என்றோ விலைக்கு வாங்கிய நகல் இருக்கும்.
அதில் டெல்ஃபின்
இன்னும் பத்தொன்பது வயதாகவே
கல்லாவின் முன் நின்று கையெழுத்திட்டுக்கொண்டிருப்பாள்.

மூன்று வாரம் கழித்துத் தொலைபேசி.
வேலை கிடைத்துவிட்டதாம், பள்ளி உணவுக்கூடத்தில்.
நல்லது என்றேன்.
அதற்காகக் கூப்பிடவில்லை என்றாள்.

"அந்தக் கோப்பில் என் அண்ணன் லின்வுட்
நீதிபதிக்கு எழுதிய கடிதம் இருக்கும்.
மஞ்சள் தாள்.
அவன் போய் ஒன்பது வருடம் ஆச்சு.
அவன் கையெழுத்து வேறெங்கேயும் என்னிடம் இல்லை.
அந்த ஒரு தாள் மட்டும்."

சட்டம் எனக்கு ஒரே ஒரு வாக்கியம் தந்திருக்கிறது,
யார் கேட்டாலும் அதுதான்.
வேலை கொடுக்கிறவன் கேட்டாலும்,
வீடு வாடகைக்கு விடுகிறவன் கேட்டாலும்,
அவளே கேட்டாலும்.

"அப்படியொரு கோப்பு இல்லை, அம்மா."

"நீங்கள்தானே ஒட்டினீர்கள்?"

"அப்படியொரு கோப்பு இல்லை."

திறக்க மனுப் போடலாம்.
திறந்தால் எல்லாமே திறக்கும்,
நகப்பூச்சு உட்பட.
அதையும் நான் சொல்லக்கூடாது.
இல்லாத ஒன்றைத் திறக்க
வழி சொல்வதெப்படி?

அவள் வைத்துவிடவில்லை.
பின்னால் பாத்திரம் உருளும் சத்தம்,
யாரோ ஒரு பிள்ளை எதற்கோ கத்தியது.
என் மேசையில் ஸ்டேப்ளர், ஆறிய காப்பி.
என்னை மட்டும் ஒட்டி மூட
எந்த மாநிலமும் இதுவரை சட்டம் போடவில்லை.

"பாத்திரம் கழுவும்போது
இன்னும் விசிலடிப்பீர்களா?" என்றேன்.

அமைதி.

"அதுவும் தப்புத் தப்பாக," என்றேன்,
"பக்கத்து வீட்டு நாய் ஓடிப்போகிற அளவுக்கு.
அப்படிப்பட்டவள் கூசாமல் திருடுகிறவளாக
இருக்க முடியாது, கனம் நீதிபதி அவர்களே."

எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை.
பிறகு மூக்கை உறிஞ்சி,
"அது என் நாய்தான்," என்றாள்,
"அவனுக்கு எதுவுமே சரியாக நினைவிருக்காது."

அன்றைய பதிவேட்டில் எழுதினேன்:
அழைப்பு ஒன்று. விசாரிக்கப்பட்ட பெயர்:
அந்த இடத்தை வெறுமையாக விட்டேன்.
பதில்: கோப்பு இல்லை.
கையெழுத்து, ஆரின் ஹாஸ்கெட், எழுத்தர்.