பதினேழு

கெய்யோன் துறையில் கடல் இறங்கி
சேற்றில் ஒருபக்கம் சாய்ந்து கிடந்தது ரோசமெலின் படகு.
ஆறு மணி நேரம் இருக்கிறது.
ஏறும் கடல் யாருக்கும் தவணை தராது.

நான்கு சிலிண்டர் டீசல்.
புகைபோகும் மேனிஃபோல்டில் எட்டு போல்ட்.
ஏழு வந்துவிட்டன,
முனகிக்கொண்டேதான், ஆனால் வந்துவிட்டன.
எட்டாவது, பலகையோரம், கை நுழையாத மூலையில்.
ஆறு மூலையும் மழுங்கி
வழுவழுவென்று,
சவரம் செய்த கன்னம் மாதிரி
ஸ்பேனரை வழுக்கிவிட்டது.

"எந்த மரை கழன்ற ஆள் இதைத் தொட்டது?" என்றேன்.
ரோசமெல் டார்ச்சைக் கொஞ்சம் தாழ்த்தினான்.

அது பதினேழு எம்எம் தலை.
அங்குலக் கணக்கில் ஒரு ஸ்பேனர் உண்டு,
பதினொன்று பை பதினாறு.
பார்வைக்கு இரண்டும் இரட்டைப் பிள்ளைகள்.
நடுவே அரை மில்லிமீட்டர்கூட இல்லை;
அந்த இடைவெளியில்தான் தலை சாகும்.
சோம்பேறி வேலை.
"காஸ்த்ரோ ஊர் எவாரிஸ்தோவாகத்தான் இருக்கும்.
அவன் கையில் சாவி கொடுத்தால்
பூட்டைத் தின்றுவிட்டு வருவான்."
தார்ப்பாயின் மேல் மழை பேசிக்கொண்டிருந்தது.
ரோசமெல் பேசவில்லை.

மண்ணெண்ணெயில் கியர் ஆயில் கலந்து சொட்டுவிட்டேன்.
ஊறப்போடு, ஆறப்போடு என்பார்கள்;
கடல் வரும் நாளில் எதற்கும் நேரமில்லை.
உளி வைத்து இடப்பக்கமாகத் தட்டினேன்.
பைப் ரிஞ்ச் ஒருமுறை கடித்தது, பிறகு பல்லை இளித்தது.
நடுவில் துளைபோட்டு எக்ஸ்ட்ராக்டர் இறக்கலாம்.
அது உள்ளேயே ஒடிந்தால் பிணத்துக்குள் பிணம்.
போன வருஷம் சால்மன் பண்ணைப் படகு ஒன்றில் ஒடித்திருக்கிறேன்,
அதைப் பற்றி இங்கே வேண்டாம்.
நான் விடாக்கண்டன், அது கொடாக்கண்டன்.
எவாரிஸ்தோவின் அம்மாவரைக்கும் போய்த் திட்டினேன்.

கடைசியில் ஜெனரேட்டரை இழுத்து வந்தோம்.
பேட்டரி வயரைக் கழற்றி,
பலகைமேல் ஈரச்சாக்கு விரித்து,
மழுங்கிய தலைமேல் ஒரு நட்டை உட்காரவைத்து
அதன் வயிறு நிறைய வெல்டிங் அடித்தேன்.
சிவப்பு கறுத்து வரும்போது
ஓரத்தில் மெழுகுவத்தியை வைத்தேன்.
மெழுகு தானே வழி கேட்டு உள்ளே போனது.

உடனே அவிழ்க்கவில்லை. முதலில் இறுக்கினேன்,
ஒரு மயிரிழை.
பிறகு அவிழும் பக்கம் ஒரு மயிரிழை.
மறுபடி இறுக்கம்.
மறுபடி

க்றீச்.

பிள்ளை பிறந்த வீட்டில்கூட
இவ்வளவு நல்ல சத்தம் கேட்டதில்லை நான்.

துருப்பொடி உதிர வெளியே வந்தது.
கழுத்தில் ஒரு வாஷர்.
பஞ்சால் துடைத்தேன்.
பத்து பெசோ நாணயம், நடுவே துளை.
நடுவே இல்லை. கொஞ்சம் இடம் தள்ளி.

அந்தக் குளிர்காலம் ஒன்பது நாள் ஃபெர்ரி ஓடவில்லை.
ஊரில் எந்தக் கடையிலும் வாஷர் இல்லை.
சட்டைப்பையில் ஒரு பத்து பெசோ இருந்தது,
ட்ரில் வழுக்கியது,
என் பதினேழாம் ஸ்பேனர் கடலில் விழுந்திருந்தது.
கையில் கிடைத்ததைப் போட்டு
முழு உடம்பையும் சாய்த்து இறுக்கிவிட்டு
"ஜென்மத்துக்கும் கழறாது, போ" என்று
சொன்னதுவேறு இப்போது ஞாபகம் வந்து தொலைத்தது.

காஸ்த்ரோவில் எவாரிஸ்தோவுக்குப்
புரையேறியிருக்கும், பாவம்.

ரோசமெல் கையை நீட்டினான்.
நாணயத்தை அதில் வைத்தேன்.
டார்ச் வெளிச்சத்தில் இந்தப் பக்கம், அந்தப் பக்கம்
திருப்பித் திருப்பிப் பார்த்தான்,
கடல் வருவதே தெரியாதவன் போல.
"இந்தப் பத்து பெசோவைக் கூலியில்
கழித்துக்கொள்ளட்டுமா, தோன்யா ஒத்தீலியா?"

தண்ணீர் சுக்கானைத் தொட்டிருந்தது.
புது போல்ட்டுக்கு கிரீஸ் தடவி
விரலால் போகும்வரை விரலால் திருகினேன்.
பிறகு பெட்டியில் துழாவி ஸ்பேனரை எடுத்து
அதில் பொறித்திருந்த எண்ணை
அவனுக்குக் கேட்கும்படி வாசித்தேன்.